கொள்ளிடக் கரையின் எட்டுக்காலிகள்: சோழமண்டலக் கடற்கரையில் சிலந்தி, தேள் ஆய்வின் வரலாறு

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், சிதம்பரத்திற்குத் தென்மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி அமைந்தது குமராட்சி ஒன்றியம். கீழணையில் பிரியும் வாய்க்கால்களும் வீராணம் ஏரியும் நீர் ஊட்டும் நெல்வயல் பூமி இது. மார்கழி மாதப் பனியில் இங்குள்ள வரப்புகளில் நடப்பவர்கள், பகலில் கண்ணுக்குப் படாத நூற்றுக்கணக்கான சிலந்தி வலைகள் பனித்துளி கோத்து நிற்பதைக் காணலாம். அந்த வலைகளுக்கு உரிய உயிரினங்கள் யாவை? அவை எங்கெங்கே வாழ்கின்றன? அவற்றுக்குப் பெயரிட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. இந்தியாவின் கணுக்காலிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் பணி மிகத் தொடக்கத்திலேயே நடைபெற்ற இடங்களுள் ஒன்று, குமராட்சியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள தரங்கம்பாடி. ஆயினும் பெயர்கள் கிடைத்த அளவுக்கு, எந்த உயிர் எந்த ஊரில் வாழ்கிறது என்ற பரவல் செய்தி கிடைக்கவில்லை. அந்த இடைவெளியின் விலையை உழவரும் நோயாளியும் கொடுக்க நேர்ந்தது.

சில அடிப்படைச் செய்திகள்

உடல் கண்டங்களாகப் பிரிந்து, கால்களில் கணுக்கள் அமைந்து, வெளிப்புறத்தில் கடினமான ஓடு உடைய உயிரினங்கள் கணுக்காலிகள் எனப்படுகின்றன. பூச்சிகள், நண்டு, இறால், மரவட்டை, பூரான், சிலந்தி, தேள் ஆகிய அனைத்தும் இத்தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றுள் சிலந்தி, தேள், உண்ணி, சிற்றுண்ணி முதலியவை அரக்னிடா என்னும் வகுப்பில் அடங்கும். பூச்சிக்கு ஆறு கால்கள். அரக்னிடா வகுப்பைச் சேர்ந்தவற்றுக்கு எட்டுக் கால்கள். பூச்சிக்கு உணர்கொம்பு உண்டு. சிலந்திக்கும் தேளுக்கும் இல்லை. பேச்சு வழக்கில் சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்று சொன்னாலும் அறிவியல்படி அது பூச்சியன்று.

தமிழ் மரபில் கணுக்காலிகள்

அறிவியல் பெயர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இவ்வுயிர்களைக் கூர்ந்து நோக்கியிருந்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. அதில் சிதல் எனப்படும் கறையானும் எறும்பும் மூன்றறிவு உயிர்கள்; நண்டும் தும்பியும் நான்கறிவு உயிர்கள். நீரில் வாழும் நண்டையும் காற்றில் பறக்கும் தும்பியையும் ஒரே வரிசையில் வைத்தது கவனிக்கத்தக்கது. வாழிடத்தைக் கொண்டு பிரிக்காமல் உடலின் திறனைக் கொண்டு பிரித்த முறை அது.

சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்தின் கார்காலத்தைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று மூதாய். தம்பலப்பூச்சி என்றும் இதைச் சொல்வர். முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் சிவப்புப் பட்டுத் துணுக்குகளைப் போல ஊர்ந்து வரும் இது பூச்சியன்று. அரக்னிடா வகுப்பைச் சேர்ந்த ஒரு சிற்றுண்ணி. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொன்ன வகையில், பரவல் குறிப்பு என்று இன்று நாம் அழைப்பதன் எளிய வடிவம் அப்பாடல்களில் இருக்கிறது எனலாம்.

சிலந்திக்குச் சிலம்பி என்பது பழைய பெயர். திருவானைக்காவில் இறைவனுக்கு மேல் வலை பின்னி நிழல் செய்த சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்த கதையைப் பெரியபுராணம் வாயிலாகத் தமிழகம் அறியும். இவ்வாறு சிலந்தி வழிபாட்டுக் கதையிலும் பாட்டிலும் இடம்பெற்றது. ஆனால் ஒரு சிலந்தியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து பெயரிடும் பட்டியல் முறை, ஐரோப்பியக் கப்பல்களோடுதான் இக்கரைக்கு வந்தது.

தரங்கம்பாடியில் தொடங்கிய பணி

சிலந்திகளுக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயர்களின் தொடக்கப் புள்ளி, சுவீடன் நாட்டைச் சேர்ந்த கிளெர்க் 1757இல் வெளியிட்ட நூல். அடுத்த ஆண்டு வெளிவந்த லின்னேயசின் நூல், ஏனைய விலங்குகளின் பெயர்களுக்குத் தொடக்கம் ஆயிற்று. இது நிகழ்ந்து பத்தே ஆண்டுகளில், அதாவது 1768இல், லின்னேயசின் மாணவரான யோஹான் ஜெரார்டு கேனிக் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் குடியேற்றமாக இருந்தது. 1706இல் சீகன்பால்க் வந்தபின் அங்கு அமைந்த சமயப் பணிமனை, தமிழ் அச்சுப் பணியால் நாம் நன்கறிந்தது.

கேனிக் செடிகொடிகளை ஆராய்ந்தவராகவே பெரிதும் அறியப்படுகிறார். நம் சமையலறைக் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் கணுக்காலி ஆய்விலும் அவருக்கு முக்கிய இடம் உண்டு. தஞ்சைப் பகுதியில் அவர் கண்ட கறையான்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. புற்றுக்குள் நடக்கும் வாழ்வோடு, மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் அவர் எழுதினார். புற்றின் ஒரு பக்கம் புகை போட்டு, மறுபக்கத் துளையில் மணமுள்ள இலை தடவிய பானையின் வாயை வைத்து, வெளியேறும் ஈசலைப் பிடித்து, மாவோடு சேர்த்துப் பண்டம் செய்வதை அவர் விவரிக்கிறார். கிராமங்களில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறைக்கு இது புதிய செய்தியன்று. அக்கட்டுரையின் ஆங்கில வடிவம் 1921இல்தான் இந்தியாவில் வெளியாயிற்று. நம் மண்ணின் கறையானைப் பற்றிய ஆய்வு நம் நாட்டில் படிக்கக் கிடைக்க ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

கேனிக்கைத் தொடர்ந்து டேனியப் படை அதிகாரி டால்டார்ஃப் போன்றோர் தரங்கம்பாடியில் உயிரினங்களைச் சேகரித்தனர். பனையேறிக் கெண்டை மரத்தில் ஏறக் கண்டதாக எழுதியவரும் இதே டால்டார்ஃப்தான். இவர்கள் அனுப்பிய பூச்சிகளும் பிறவும் லின்னேயசின் மற்றொரு மாணவரான யோஹான் கிறிஸ்தியான் ஃபாப்ரீசியசை அடைந்தன. கீல் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 10,000 கணுக்காலி இனங்களுக்குப் பெயரிட்டவர். நீண்ட காலோடு பெரிய வட்ட வலை பின்னும் நெஃபிலா பைலிபெஸ் என்னும் சிலந்திக்கு 1793இல் அவர் பெயர் சூட்டினார். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் முள்முதுகுச் சிலந்தியான காஸ்டெராகாந்தா ஜெமினேட்டாவுக்கு 1798இல் பெயரிட்டார்.

அதே 1798ஆம் ஆண்டு நூலில் செந்தேளுக்கு அவர் இட்ட பெயர் தாமுலுஸ். அக்காலத்து இலத்தீனில் தமிழை இதே அடியிலிருந்து பிறந்த சொற்களால் குறித்தனர். 1716இல் வெளியான சீகன்பால்கின் தமிழ் இலக்கணமும் கிராமாட்டிகா தாமுலிகா என்ற பெயரையே பெற்றது. ஆகவே, இன்று உலக மருத்துவ நூல்கள் ஹாட்டன்டோட்டா தாமுலுஸ் என்று குறிப்பிடும் தேளின் பெயரில் தமிழ் என்ற சொல்லே ஒலிக்கிறது. பெருமைப்படத்தக்க பெயராக அது இல்லாமல் போகலாம். இந்தியாவின் மிக ஆபத்தான தேள் அது.

பெயர் உண்டு, ஊர் இல்லை

பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் ஓர் இனத்தின் வாழிடம் பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். இந்தியாவில் வாழ்கிறது என்று எழுதுவதே போதுமானதாகக் கருதப்பட்டது. கிழக்கிந்தியா என்ற சொல் அப்போது தென்கிழக்கு ஆசியா வரை நீண்டது. மாதிரி உயிரினங்கள் சாராயப் புட்டிகளிலும் ஊசி குத்திய பெட்டிகளிலும் கோபன்ஹேகனுக்கும் கீலுக்கும் சென்றன. அவற்றைப் பிடித்துத் தந்தவரின் பெயரோ, பிடித்த வயலின் பெயரோ உடன் செல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை ஓரளவு மாறியது. மருத்துவரும் பறவை ஆய்வாளருமான ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் சென்னையிலிருந்து வெளிவந்த இதழ் ஒன்றில் வெளியிட்டார். தாவிப் பாயும் எறும்பான ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் அவர் பெயரிட்டதே. நூற்றாண்டின் இறுதியில், இலண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரெஜினால்டு போகாக், பிரித்தானிய இந்திய விலங்குகள் நூல்வரிசையில் அரக்னிடா தொகுதியை 1900இல் எழுதினார். தேள்களையும் சிலந்திகளின் ஒரு பகுதியையும் முறையாகத் தொகுத்துத் தந்த முதல் பெருநூல் அது. பிரெஞ்சு நாட்டு மாரிஸ் மாந்த்ரோன் தென்னிந்தியப் பயணத்தில் சேகரித்த சிலந்திகளை, உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர் யூஜீன் சிமோன் 1906இல் விவரித்து எழுதினார்.

ஊர்ப் பெயர் சரியாகப் பதியப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, போகாக் 1899இல் பெயரிட்ட பீசிலோதீரியா மெட்டாலிக்கா என்னும் நீலநிற மரச்சிலந்தி. ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து அவர் அதை விவரித்தார். பின்னர் குத்தியில் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகள் கடந்தபின், 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்டது. வெட்டிய மரத்தோடு ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்த சிலந்தியைக் குத்தியின் சிலந்தி என்று உலகம் நம்பியிருந்தது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் ஒன்று. எங்கே வாழ்கிறது என்பதே தெரியாத உயிரை எப்படிக் காப்பது?

சென்னை அருங்காட்சியகமும் வேளாண் துறையும்

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வின் மையம் மெல்ல இந்தியாவுக்குள் நகர்ந்தது. இதில் குறிப்பிடத்தக்கவர் ஃபிரெடரிக் ஹென்றி கிரேவ்லி. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றியபின், 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1932இல் வெளிவந்த விளக்கப் பட்டியலின் ஆசிரியர்களுள் ஒருவராகவே கலை வரலாறு படிப்போர் அவரை அறிவர். ஆனால் அவருடைய முதன்மைத் துறை விலங்கியல். மண்ணில் வளை அமைக்கும் சிலந்திகளைப் பற்றி 1915, 1921, 1935 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் பயன்படுகின்றன.

இதே காலத்தில் வேளாண்மைக்குப் பயன்படும் நோக்கிலும் ஆய்வு வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெயின்பிரிட்ஜ் ஃபிளெச்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலை 1914இல் வெளியிட்டார். டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. விடுதலைக்குப் பின், சென்னை இலயோலாக் கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கிய டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன் ஆய்வில் உலக அளவில் மதிக்கப்பட்டார். பி.கே. டிக்காதர் இந்தியத் தேள்களைப் பற்றிய தொகுதியை பஸ்தவாடே என்பவருடன் 1983இலும், இந்தியச் சிலந்திகள் கையேட்டை 1987இலும் தந்தார்.

இவ்வுழைப்பின் பயன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2005இல் வெளியான இந்தியச் சிலந்திப் பட்டியலில் 1,442 இனங்கள் இருந்தன. 2012இல் வெளியான பட்டியலில் 1,686 இனங்கள். உலகச் சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022இல் 50,000ஐக் கடந்தது.

சிதம்பரம் வட்டாரம்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியதும், இவ்வட்டாரத்திற்கே ஓர் ஆய்வு மையம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் உள்ளது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா இதனை நிறுவியவர். நண்டு, இறால் முதலான நீர்வாழ் கணுக்காலிகளைப் பற்றிய ஆய்வில் இம்மையம் நாடறிந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சிறு திட்டுகளாகப் பரந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு இதன் இயற்கையான ஆய்வுக்கூடம். பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பூச்சியியல் துறையோ நெல்வயலின் நடுவிலேயே அமைந்திருக்கிறது.

ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கடற்கரை மணல், அலையாத்திச் சேறு, ஆற்றுப் படுகை, வண்டல் வயல், ஏரிக்கரை, பனந்தோப்பு ஆகிய அனைத்தையும் காணக்கூடிய வட்டாரம் இது. வாழிடம் மாறும்போது கணுக்காலிகளும் மாறும். எனவே பரவல் ஆய்வுக்கு இதைவிட வசதியான களம் அரிது.

வயலில் சிலந்தியின் பங்கு

பரவலை அறிவது எதற்குப் பயன்படும் என்று கேட்போர் நெல்வயலைப் பார்க்க வேண்டும். நெல்வயலில் சிலந்திகள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வலை பின்னாமல் ஓடி வேட்டையாடுவது ஓநாய்ச் சிலந்தி. அறிவியல் பெயர் பார்டோசா சூடோஆனுலேட்டா. நடு இலைகளில் பதுங்கி அந்துப்பூச்சிகளைப் பாய்ந்து பிடிப்பது ஆக்ஸியோபெஸ் இனம். பயிரின் நுனியில் வட்ட வலை கட்டி, நீண்ட கால்களை இலையோடு ஒட்டி நீட்டி மறைந்திருப்பது டெட்ராக்னாத்தா. முதிர்ந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்று ஒரு நாளில் 5 முதல் 15 இரைகளை உண்ணும் என்று பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கையேடு கூறுகிறது. அதன் விருப்ப இரைகளுள் ஒன்று புகையான்.

புகையான் தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும். பயிர் தீய்ந்து புகைபடிந்தது போல் வட்டவட்டமாகக் காய்ந்துவிடும். புதிய குட்டை நெல் இரகங்களும் பூச்சிக்கொல்லிகளும் பரவிய 1970களில் ஆசிய நாடுகள் பலவற்றில் புகையான் பெருந்தாக்குதல் நிகழ்ந்தது. கேரளத்தில் 1973ஆம் ஆண்டிலேயே கடும் இழப்பு ஏற்பட்டது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது உழவரைத் திகைக்க வைத்தது. காரணத்தைப் பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் குழுவினர் செய்த ஆய்வு விளக்கிற்று. அதன் முடிவுகள் 1984இல் வெளிவந்தன. புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் இடுவதால் அவை மருந்துக்குத் தப்புகின்றன. வெளியே ஓடித் திரியும் சிலந்திகளோ செத்துவிடுகின்றன. முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. இதை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

பின்னர் 1996இல் ஜாவாத் தீவின் வயல்களைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு மேலும் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. நட்ட சில நாள்களில் பயிரைத் தாக்கும் பூச்சிகள் அதிகம் இருப்பதில்லை. அப்போது சிலந்திகள் எதைத் தின்று பெருகுகின்றன? சேற்றில் மட்கும் தாள், தழை இவற்றில் வளரும் சிறு கொசு போன்ற பூச்சிகளைத் தின்கின்றன. தீமை செய்யாத இப்பூச்சிகளே சிலந்திப் படையைத் தொடக்கத்தில் காத்து வளர்க்கின்றன. நட்ட உடனே மருந்து அடிப்பது இந்த உணவையும் அழித்துவிடும். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 1990களில், நெல்லுக்கு முதல் 40 நாள் இலைதின்னும் புழுக்களுக்காக மருந்து அடிக்க வேண்டாம் என்ற பிரசாரம் பெரும் அளவில் நடந்ததற்கு அடிப்படை இதுவே. தழையுரமும் எருவும் இட்ட வயலில் நன்மை செய்யும் பூச்சிகள் அதிகம் என்ற உழவரின் அனுபவத்துக்கும் இது பொருந்துகிறது.

இங்கே தமிழில் ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். வேளாண் வழக்கில் பயிரின் சாற்றை உறிஞ்சும் சிற்றுண்ணிகளைச் செஞ்சிலந்தி, ஈரியோபைட் சிலந்தி என்று சொல்கிறோம். அதனால் சிலந்திக்கு மருந்து என்று கடையில் கேட்பவர், நண்பனையும் பகையையும் ஒரே பெயரால் அழைக்கிறார். சிற்றுண்ணி, சிலந்திப்பேன் என்ற சொற்கள் இருக்கின்றன; அவற்றை வழக்கில் கொண்டுவருவது வயலுக்கே நன்மை தரும்.

தென்னையும் தேளும்

இதற்கு மறுபக்கமும் உண்டு. தீமை செய்யும் கணுக்காலியின் பரவலை உடனுக்குடன் அறிவதும் அவசியம். தென்னை ஈரியோபைட் சிற்றுண்ணி 1965இல் மெக்சிகோவின் குவரேரோ மாநிலத்திலிருந்து விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் அது கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தமிழகத் தென்னந்தோப்புகளையும் அடைந்தது. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிர், இளங்காயின் தொப்பிக்குள் புகுந்து சாறு உறிஞ்சுவதால் காய் வடுப்பட்டுச் சிறுத்துவிடுகிறது. காற்றிலேயே மிதந்து பரவும் இதை, முதலில் தோன்றிய ஊரில் அடையாளம் காண்பதே பெரும்பாதித் தடுப்பு.

செந்தேளுக்கு மீண்டும் வருவோம். ஃபாப்ரீசியஸ் பெயரிட்டு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் வரை, அதன் கடிக்கு உறுதியான சிகிச்சை இல்லை. கொட்டினால் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தூண்டி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, குறிப்பாகக் குழந்தைகள் உயிரிழந்தனர். மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதியில் மகாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரை இந்நிலையில் உயிர் காப்பதை 1980களில் கண்டறிந்தார். அவருடைய கட்டுரை 1986இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்தது. நம் பகுதிக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் குழந்தைகளுக்கான தேள்கடிச் சிகிச்சையில் ஆய்வு செய்திருக்கிறது.

எந்தத் தேள் கொட்டியது என்பது சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. பெரிய கருந்தேள் பார்க்க அச்சமூட்டினாலும், பொதுவாக வலியோடு முடிந்துவிடும். சிறிய செந்தேளே உயிருக்கு ஆபத்து. பருத்த கொடுக்கும் மெலிந்த வாலும் கருந்தேளின் அடையாளம். மெலிந்த கொடுக்கும் பருத்த வாலும் செந்தேளின் அடையாளம். செங்கல் அடுக்கு, காய்ந்த விறகு, கற்குவியல், கூரை ஓலை ஆகியன தேளுக்கு உகந்த இடங்கள். தேள் கொட்டினால் மந்திரிக்கவோ, கீறிவிடவோ நேரம் செலவிடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கடல் கடந்த பரவல்

ஓர் இனத்தின் பரவல் நிலத்தின் வரலாற்றையும் சொல்லும். இராமேசுவரத்தில் அனுமன் விலாசம் கோயில் அருகே கிடைத்த மரச்சிலந்தி ஒன்றுக்கு 2004இல் பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயரிடப்பட்டது. இராமநாதபுரக் கரையில் மட்டுமே வாழ்வதாகக் கருதப்பட்ட அது, 2008இல் மிகவும் அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்ந்தது. 2015இல் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் அது இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். செந்தேளும் யாழ்ப்பாணத்தில் காணப்படுகிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் இரு கரைகளையும் இணைத்த நிலப்பாலத்தை இத்தகைய பரவல் நினைவூட்டுகிறது.

அச்சிலந்தி புளி, பனை, தென்னை முதலான பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்வது. மரம் வெட்டப்பட்டால் இனமே போய்விடும். அரிய உயிர் காட்டில்தான் இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஊரின் பழைய புளியமரத்திலும் இருக்கலாம்.

மாணவர் செய்யக்கூடிய பரவல் ஆய்வு

பரவல் ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் போதும். வழக்கமான முறைகள் வருமாறு:

வயலில் குறுக்காக நடந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான குத்துகளை, எடுத்துக்காட்டாக 20 குத்துகளை, அடி முதல் நுனி வரை பார்த்துச் சிலந்திகளை எண்ணலாம். இதை வாரம் ஒருமுறை, அதே வயலில், அதே நேரத்தில் செய்ய வேண்டும்.

வரப்பில் ஒரு நெகிழிக் குவளையை அதன் விளிம்பு மண்மட்டத்தில் இருக்குமாறு புதைத்து, சோப்புத்துளி கலந்த நீரைச் சிறிது ஊற்றி வைத்தால், இரவில் ஓடும் உயிர்கள் விழும். மறுநாளே பார்த்துவிட வேண்டும்.

பயிரின் மேற்பகுதியில் வீசுவலையை ஒரே எண்ணிக்கையில் வீசிப் பிடித்து எண்ணலாம்.

தேள்கள் புறஊதா ஒளியில் பச்சை நீலமாக ஒளிரும். ஆய்வாளர்கள் இரவில் அவ்விளக்கைக் கொண்டு தேடுகின்றனர். மாணவர் பெரியவர் துணையின்றி இதில் இறங்கவோ, தேளைக் கையால் தொடவோ கூடாது.

ஒளிப்படம் எடுப்பது நல்லது. ஆயினும் சிலந்தி இனங்கள் பலவற்றை, முதிர்ந்த ஆண், பெண் இவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்ய முடியும். ஆகவே இனப்பெயர் தெரியாதபோது குடும்பப் பெயரோடு நிறுத்துவதே சரியான பதிவு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒவ்வொரு பதிவிலும் நான்கு செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: நாள், ஊர், வாழிடம், எண்ணிக்கை. குறுவை வயலா, சம்பா வயலா. நட்டு எத்தனை நாள். மருந்து அடித்ததா இல்லையா என்பவற்றையும் சேர்த்தால் பதிவின் மதிப்புப் பெருகும்.

நிறைவாக

கேனிக், ஃபாப்ரீசியஸ், போகாக், கிரேவ்லி ஆகியோர் பெயர்களின் பெரிய அகராதியை உருவாக்கித் தந்தனர். அகராதியில் உள்ள சொல் எந்த ஊரில் வழங்குகிறது என்று அங்கு வாழ்வோரே சொல்ல முடியும். ஓர் உயிர் இங்கே இருந்தது என்று எழுதிவைத்தால்தான், அது இல்லாமற் போன நாளை அடுத்த தலைமுறை அறியும். 1798இல் ஒரு தேளுக்குத் தமிழின் பெயரை இட்டவர் கொள்ளிடத்தைக் கண்டவர் அல்லர். அதன் கரையில் படிக்கும் ஒரு மாணவர், தம் ஊர் வயலில் கண்ட சிலந்திகளை நாளும் இடமும் குறித்து ஒரு நோட்டில் எழுதினால், அந்நூலில் எழுதப்படாமல் விடப்பட்ட பகுதி நிரம்பத் தொடங்கும்.